கடித்தவரின் இனம்

தாமரையைக் கடித்த ஓநாய் எந்த இனம் என்று முடிவாகும்வரை அவள் உடலைத் தர முடியாது என்றார்கள். இனம் தெரியாமல் நேர்ந்த சாவு சாவாகாது. அதுவரை அவள் 'நிலுவையில் உள்ளவர்'.

"நிலுவையில இல்ல. உங்க குளிரறையில இருக்கா," என்றேன்.

"இருக்காங்கண்ணே, நான் இல்லேன்னு சொல்லல," என்றாள் கவுண்டரில் இருந்த குமுதா. "ஆனா போராங்படி பார்த்தா இன்னும் சாகல லா."

மஞ்சள் நிறப் போராங் படிவம் ஒன்றை நீட்டினாள். நாற்பத்தொரு கேள்விகள். என் மனைவி இறந்து அன்று மூன்றாம் நாள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஐந்து வகை ஓநாய்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் ரயிலடி ஓநாய். தண்டவாளத்தின்மேல் ஒற்றை வரிசையில் வரும். குதிகாலைக் கடித்து ஆளைச் சாய்க்கும். கிள்ளானில் அலையாத்தி ஓநாய். விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும். நண்டு தின்னும், நண்டு கிடைக்காத நாளில் நண்டு பிடிக்கிறவரைத் தின்னும். சாலாக் செலாத்தானில் ஈயக்குட்டை ஓநாய். பழைய ஈயச் சுரங்கங்களில் தேங்கிய தண்ணீருக்குள் இரையை இழுத்துப்போய், மூச்சு நின்ற பிறகே வாய் வைக்கும். ஜெஞ்சாரோமில் செம்பனை ஓநாய். தலைமுறை தலைமுறையாகச் செம்பனைப் பழம் தின்று மூக்கு ஆரஞ்சு நிறமாகிவிட்டது. அங்கே பெண்தான் தலைமை. செராஸில் மாடி ஓநாய். அடுக்குமாடிகளின் கார் நிறுத்தத்தில் வாழும், லிப்டில் ஏறும். பொத்தானை அழுத்தத் தெரியாது. யாராவது வந்து அழுத்தும்வரை உள்ளே நிற்கும். நான் லிப்ட் பராமரிப்புப் பொறியாளன். கதவு திறந்ததும் ஒதுங்கி நின்று, பெரியது முதலில் இறங்கி, அதன் பின்னால் மற்றவை இறங்கிய பிறகு ஏறினால் ஒன்றும் செய்யாது. புதிய ஆட்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

ஓநாய் ஆளைக் கொல்வது இங்கே புதிதல்ல. திடீர் வெள்ளம் போல அதுவும் ஒன்று. புதிதாக வந்தது பேரவைதான். கிள்ளான் பள்ளத்தாக்கு ஓநாய் இன நிர்ணயப் பேரவை. அதற்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் பார்த்தால் அவர்களிடம் முத்திரை இருந்தது. முத்திரை வைத்திருப்பவர் முன்னால் போய் வரிசையில் நிற்பது நம் பழக்கம். நின்றோம். அதன் பிறகு ஓநாய் கடித்துச் செத்தவர்கள் எல்லாம் அவர்களுடைய குளிரறைக்குப் போனார்கள்.

அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு குவளைத் தேநீர் இருந்தது. எல்லாவற்றிலும் ஆடை படிந்திருந்தது. யாரும் தொடவில்லை.

"எங்க தலைவர் டத்தோ குடிச்சாத்தான் நாங்க குடிப்போம்," என்றாள் குமுதா. "கூட்ட ஒழுங்கு. ஓநாய்ங்க அப்படித்தானே, தலைவன் வாய வைக்காம மத்தது தொடாது."

"டத்தோ எப்ப வருவாரு?"

"ஜெஞ்சாரோம்ல திறப்பு விழா. நேத்து போனாரு."

"அப்ப இது நேத்து போட்ட டீயா?"

"சேச்சே. தினமும் புதுசாத்தான் போடுவோம்."

காத்திருப்போருக்கான சோபாவில் பாதியை ஒரு ஓநாய் அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். நெற்றியில் குங்குமம், கழுத்தைச் சுற்றிச் சந்தனம், பன்னீர் வாசனை. காதுக்குக் கீழே பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"இது கடிக்குமா?" என்றேன்.

"'இது' இல்லண்ணே, 'இவரு'. எங்க பெரியவர். பேரவையோட கௌரவ விருந்தினர். எல்லா விழாவுக்கும் வருவாரு."

"கழுத்துல என்ன?"

"வெள்ளிக்கிழம ஆண்டு விழாவுல யாரோ மாலைய இறுக்கிப் போட்டுட்டாங்க போல. பாவம்."

சோபாவின் மீதிப் பாதியில் உட்கார்ந்து போராங்கை நிரப்பினேன். தாமரை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது கடித்தது. தொண்டையில் ஒன்று. தோளில் இரண்டு. வயிற்றில் எத்தனை என்று எண்ண முடியவில்லை. எதிர்ச்சந்து மண்டபத்தில் பேரவையின் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்ததால், ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. எங்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு மாதம். இவற்றை எழுத போராங்கில் இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்.

செயலாளர் சீவரத்தினம் என்னை உள்ளே அழைத்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்கள்.

"இருந்துகொள்ளும் தம்பி. ரிஷி எண்டதுதானே உம்மட பேர்? ஓரத்தில எழுதின எல்லாத்தையும் அடிச்சுப்போட்டன். நான் கவர்மெண்டில முப்பத்தாறு வருஷம் இருந்தனான். ஓரத்தில எழுதின ஒண்டும் மேல போகாது." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பதினெட்டாவது கேள்விக்கு விடை இல்லை. உங்கட வீட்டில ஆர் முதல்ல சாப்பிடுறது?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

பேனாவை வைத்துவிட்டார்.

"சேர்ந்தெண்டால்? ஒரே நேரத்திலயோ?"

"ஆமா."

"அப்ப உங்கட வீட்டில தலைமையே இல்லை. அதுதான் பிழைச்சுப் போச்சு. ஓநாய் ஒரு மனுசரைப் பாத்த உடன இவர் கூட்டத்தில எத்தினையாவது எண்டு யோசிக்கும். உம்மட மனுசியைப் பாத்து அதுக்குக் குழப்பம் வந்திருக்கும். பாவம்."

பாவம் என்றது ஓநாயை.

பிறகு ஒப்புக்கடியைப் பற்றிச் சொன்னார். இறந்தவரின் உடலில் உள்ள பல்தடத்தை ஐந்து இனங்களின் பல்தடங்களோடு ஒப்பிட வேண்டும். மெழுகில் எடுத்த தடம் செல்லாது. களிமண் செல்லாது. மனிதச் சதையில் எடுத்ததே செல்லும். நெருங்கிய உறவினர் கை கொடுக்க வேண்டும்.

"கையெழுத்தா?"

"கை, தம்பி. கை."

இரண்டு கைகளில் ஐந்து கடிக்கு இடம் இருக்கும் என்று அவரே அளந்து பார்த்துச் சொன்னார்.

அன்று இரவு என் மாமியார் இராஜம்மா கேட்டார்: "மாப்ள, எம்பொண்ண எப்பக் குடுப்பாங்க? ஐஸ்ல போட்ட மீனு மாரி வச்சிருக்கானுங்களே. தீ வைக்கணும்யா அவளுக்கு." நாளைக்குக் கேட்கிறேன் என்றேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தீ வைக்க வேண்டும். அதற்காக எதைச் சொன்னாலும் செய்வது என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் கிள்ளான் கிளை. ஆற்று முகத்துவாரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், கிளைத் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு என் இடது முன்கையை ஒரு மரச் சட்டத்தில் கட்டி, சேற்றிலிருந்து வந்த ஒரு அலையாத்தி ஓநாயின் முன்னால் நீட்டினார்கள். முகர்ந்தது. கடித்தது. எலும்பில் பல் உரசும் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏழு விநாடி எண்ணினார். ஏழு ஆனதும் இன்னொருவர் நண்டுக் கூடையைக் காட்டினார். அது விட்டுவிட்டது.

"வலிக்குதா boss?" என்றார் கிளைத் தலைவர்.

"இல்ல."

"நல்லது. வலிச்சா தடம் கலைஞ்சிரும்." கைத்தட்டச் சொன்னார். தட்டினார்கள். ரத்தம் நிற்காததால் பொன்னாடையைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

சாலாக் செலாத்தானில் என்னைக் குட்டையில் இடுப்பளவுக்கு இறக்கினார்கள், அந்த இனம் கரையில் கடிக்காது என்பதால். தண்ணீருக்குள் இழுத்துப் போனது. நான்கு பேர் என் காலைப் பிடித்து இழுத்தார்கள். மேலே வந்ததும் பொன்னாடை. ஜெஞ்சாரோமில் மகளிர் பிரிவு ஏற்பாடு. அங்கே தலைமைப் பெண் ஓநாய் என்னை லட்சியமே செய்யாமல் தன் குட்டிகளைக் கடிக்க விட்டது. மூன்று குட்டிகள், ஒரு விரல் போனது. குட்டிகளின் கடி கணக்கில் வராது என்று தாயைக் கெஞ்சி வரவழைத்து மறுபடி கடிக்க வைத்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் கிளையினர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், ரயில் போன பிறகு, சுருக்கமாக முடித்தார்கள். பொன்னாடை மட்டும் நீளமாக இருந்தது.

செராஸில் லிப்டுக்குள். நான் பராமரிக்கும் லிப்டுதான். பெரியது என் வலது கையைக் கவ்விக்கொண்டிருக்கையில் கதவு மூடிக்கொண்டது. வெளியே நின்ற கிளைச் செயலாளர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்ததில் நாங்கள் பதினாறாவது மாடிவரை போய்வந்தோம். ஏழாவது மாடியில் ஒரு ஆன்டி மார்க்கெட் பையோடு நின்றார். என் கையையும் தரையையும் பார்த்தார். "பரவாயில்ல, அடுத்ததுல வரேன்," என்றார்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. ஐந்து தடங்களில் எதுவும் பொருந்தவில்லை.

"அப்படியெண்டால் உம்மட மனுசியை ஓநாய் கடிக்கேல்லை," என்றார் சீவரத்தினம்.

"கழுத்தே இல்ல, சார்."

"கழுத்து இல்லாததுக்கு எங்களிட்ட கட்டம் இல்லை. ஓநாயெண்டால் ஐஞ்சில ஒண்டு. ஐஞ்சில ஒண்டும் இல்லையெண்டால் ஓநாய் இல்லை. நீர் படிச்சனீர்தானே, விளங்கும்." கோப்பைக் கட்டினார். "முடிக்க ஏலாத ஃபைலை நான் ஒருநாளும் திறந்து வைச்சதில்லை."

கோப்பு மூடப்பட்டால் அவள் குளிரறையிலேயே இருப்பாள். எவ்வளவு காலம் என்று கேட்டேன். மிக மூத்தவர் ஒன்பது வருடமாக இருக்கிறார் என்றார்.

அன்று மாலை இராஜம்மா என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். குமுதாவின் கவுண்டர்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தார். உள்ளே பச்சரிசி.

"பொணத்தக் குடுக்காட்டிப் போங்க. எம்மவளுக்கு வாய்க்கரிசி போட விடுங்க. அதுக்கூட இல்லாமக் கெடக்கறா."

குமுதா டப்பாவைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "சடங்குக்கு அஞ்சு நிமிஷம் குடுக்கலாம்னு ரூல்ல இருக்கு ஆன்டி. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

குளிரறை போர்ட் கிள்ளானில், முன்பு இறால் சேமித்த கிடங்கு. இன்னும் இறால் வாடை அடித்தது. தட்டுகள்மேல் தட்டுகளாக ஆட்கள். தாமரை மூன்றாவது தட்டில் இருந்தாள். முகம் அப்படியே இருந்தது. கழுத்திலிருந்து கீழே துணியால் மூடியிருந்தார்கள், துணி சரியாக நிற்கவில்லை, நிற்க அடியில் வடிவம் இல்லை.

இராஜம்மா அரிசியை என் உள்ளங்கையில் போட்டார். கணவன்தான் முதலில் போட வேண்டும். அவள் வாய் இறுகி மூடியிருந்தது. நான்கு விரல்களே இருந்த கையால் தாடையை மெல்ல இறக்கினேன். பற்களுக்கு நடுவே என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. இழுத்தேன். வந்தது.

ஒரு கொத்து முடி. வேரோடு கொஞ்சம் தோலும் இருந்தது. பழுப்பும் சாம்பலும். அடியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. குளிரிலும் பன்னீர் வாசனை போகவில்லை.

அவள் திருப்பிக் கடித்திருக்கிறாள்.

"என்னாய்யா அது?" என்றார் இராஜம்மா.

"ஒண்ணுமில்ல அத்த." சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அரிசியைப் போட்டேன்.

கோப்பை மறுபடி திறக்கச் சொல்லி மனுக் கொடுத்தேன். பதினொன்றாம் நாள் விசாரணை. டத்தோ தம்புசாமி வந்திருந்தார். எல்லோர் குவளையும் காலியாக இருந்ததில் தெரிந்தது. நீண்ட மேசை, பன்னிரண்டு உறுப்பினர்கள், தலைவரிடமிருந்து தூரம் போகப் போக நாற்காலிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசி உறுப்பினர் குழந்தைகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் டத்தோவின் வலப்பக்கம் படுத்திருந்தது.

முடியை மேசையில் வைத்தேன். பெரியவர் எழுந்து வந்து, முகர்ந்து, தன் காதுக்குக் கீழே பின்னங்காலால் சொறிந்துகொண்டது. பிளாஸ்டர் விழுந்தது. அடியில் அரைவட்டமாகப் பல்தடம் தெரிந்தது. சின்ன வாய்.

"அன்னிக்கு டத்தோ வர லேட்டாச்சுல," என்றாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த குமுதா, தன்னையறியாமல். "பெரியவருக்குச் சாப்பாடு வைக்கல. ஏழேகாலுக்குச் சங்கிலிய அவுத்துக்கிட்டு வெளிய போனாரு. நன்றியுரைக்குத் திரும்பி வந்துட்டாரு."

"குமுதா, அது குறிப்பில் வேண்டாம்," என்றார் டத்தோ. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். "அன்பர்களே. இந்த இளைஞர் நம்மிடம் ஒரு பெரிய உண்மையைக் கொண்டுவந்திருக்கிறார். ஓநாய் ஐந்து வகை என்றோம். தவறு! பெரியவர் எந்த வகை? இத்தனை ஆண்டுகளில் நாம் கேட்டதுண்டா? இல்லை. ஏன்? மரியாதை! ஒரு தலைவரைப் பார்த்து நீ யார் என்று கேட்கக்கூடாது. என்னை யாராவது கேட்கிறீர்களா? கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பேரவை நிற்கிறது."

கைத்தட்டினார்கள், அவர் தட்டத் தொடங்கிய பிறகு.

ஆறாவது இனம் உருவானது. கௌரவ ஓநாய். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், பாராட்டியவர் எல்லாம் எழுதப்பட்டது. தாமரையின் பல் பட்ட குற்றம் பெருந்தன்மையோடு மன்னிக்கப்பட்டது.

"அப்ப உடலக் குடுக்கலாமா?" என்றேன்.

"குடுக்கலாம் தம்பி," என்றார் சீவரத்தினம். "புது இனத்துக்கு அறிமுக விழா முடிஞ்ச உடன. மேடையில வைச்சுத் தலைவர் கையொப்பம் இடுவார். குடும்பத்தின்ர சார்பில நீர் பெரியவருக்குப் பொன்னாடை போர்த்த வேணும்."

"நானா?"

"உம்மட மனுசியால்தானே அவருக்கு இந்தப் பெருமை. வேற ஆர் போர்த்துறது?"

சரி என்றேன்.

விழா ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அதே எதிர்ச்சந்து மண்டபத்தில். இருநூறு பேர். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள். பின்சுவரோரம் பீஹூன், கோழிப் பிரட்டல், சம்பல், எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். மேடையில் மூன்று சோபாக்கள். நடுச் சோபா டத்தோவுக்கு, வலது பெரியவருக்கு. கழுத்தில் வெள்ளிச் சங்கிலி. சோபாவின் கால்மீது பூட்டியிருந்தது. அதன் முன்னால் வெள்ளித் தட்டில் ஒரு முழுக் கோழி, உணவுக்கூடையால் மூடியிருந்தது. அதைப் பெரியவர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. டத்தோ வாய் வைக்காமல் யாருக்கும் உணவில்லை.

ஐந்தரைக்கு ஒரு பரதநாட்டியம். ஆறுக்கு அதே பரதநாட்டியம். ஆறரைக்குப் பெரியவரின் வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. முன்வரிசையில் ஒருவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார். ஏழு பத்துக்கு நாதஸ்வரத்தோடு டத்தோ வந்தார்.

என் பெயரை அழைத்தார்கள். இரண்டு கைகளும் கட்டுப்போட்டிருந்ததால் பொன்னாடையை மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். பெரியவர் என்னை முகர்ந்தது. ஐந்து கூட்டங்களின் எச்சில் என் உடம்பில் ஊறியிருந்தது. காதை மடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. போர்த்தினேன். சங்கிலியின் கொக்கி, தாமரை கடித்த புண்ணின்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. அதைத் தளர்த்தினேன். வேறு நோக்கம் இருந்ததா என்று பின்னால் யாரும் கேட்கவில்லை. போராங்கில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் இரண்டு மணி நேரம் தாமதம். மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வேண்டுமென்றேதான் தாமதம்! காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஏன்? பசித்திருக்கும் கூட்டம்தான் தலைவனைத் தேடும். சாப்பிட்ட கூட்டம் வீட்டுக்குப் போய்விடும். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் யார்? இதோ, பெரியவர்!" கையை அதன் பக்கம் நீட்டினார். "ஓநாய்க்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சொல்லுங்கள் பார்க்கலாம்!"

நீட்டிய கையைக் கவ்வியது.

முழங்கைக்குக் கீழே கை தனியாக வந்துவிட்டது. டத்தோ அந்த இடத்தைப் பார்த்தார். ஒலிவாங்கி இருந்த கையால் அதன் தலையில் அடித்தார். ஒவ்வொரு அடியும் ஒலிபெருக்கியில் கேட்டது. பிறகு அது நெஞ்சில் ஏறி அவரைச் சோபாவில் தள்ளித் தொண்டைக்குப் போனது. "டேய்" என்று ஒன்று கேட்டது. அதன் பிறகு தண்ணீர்க் குழாயில் காற்று வருகிற மாதிரி ஒரு சத்தம். முன்வரிசையின் வெள்ளைத் துணிகள் சிவந்தன. இரண்டாம் வரிசையில் குழந்தை ஒன்று அழுதது, யாரோ வாயைப் பொத்தினார்கள்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைவர் எழாமல் கூட்டத்தில் யாரும் எழக்கூடாது என்பது விதி. தலைவர் எழவில்லை. இருநூறு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஈரல் வரும்போது சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அறிவிப்பாளர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததை வாசித்தார்.

"எழுச்சிமிகு உரைக்கு நன்றி டத்தோ. அடுத்து..."

அடுத்து என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. சீவரத்தினம் மேடைக்கு ஏறினார். காலணியில் ரத்தம் படாதபடி ஓரமாக நடந்து, பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார்.

"பதினாலாம் விதி," என்று வாசித்தார். "'நடப்புத் தலைவரைக் கூட்டத்தின் முன் வீழ்த்துகிறவர் எவரோ, அவரே அடுத்த தேர்தல்வரை தலைவர்.' இது காலஞ்சென்ற டத்தோவே கொண்டுவந்த விதி. முன்னைத் தலைவரை அவர் பொதுக்கூட்டத்தில கதிரையால அடிச்சு வீழ்த்தின வருஷம் சேர்த்தது." கண்ணாடியைத் துடைத்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் முன்னுக்கு வரலாம்."

யாரும் முன்னால் வரவில்லை. பெரியவர் தலையைத் தூக்கி மண்டபத்தை ஒருமுறை பார்த்தது. நாக்கால் மூக்கைத் துடைத்தது. சோபாவிலிருந்து இறங்கி, எழுந்து நின்றது.

இருநூறு நாற்காலிகளும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"தலைவர் சாப்பிட்டாச்சு," என்றார் அறிவிப்பாளர், அழுகையும் நிம்மதியும் கலந்த குரலில். "அனைவரும் சாப்பிடலாம்."

பின்சுவரோரம் மூடிகள் திறந்தன. முதலில் ஒழுங்காக வரிசை இருந்தது. பிறகு முண்டியடித்தார்கள். பன்னிரண்டு உறுப்பினர்களுக்குள் யார் இரண்டாவது என்று தகராறு வந்தது. கரண்டியால் ஒருவர் மண்டை உடைந்தது. குழந்தைகள் நாற்காலியில் உட்காரும் கடைசி உறுப்பினர் துணைத் தலைவரின் காதைக் கடித்துவிட்டு, கோழித் தட்டோடு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். அம்மாக்கள் வீட்டுக்குக் கொண்டுபோகத் தாப்பாவ் கட்டினார்கள்.

நான் போராங்கை எடுத்துக்கொண்டு சீவரத்தினத்திடம் போனேன்.

"சார், கையெழுத்து."

"இப்பவோ தம்பி?"

"இன்னிக்குன்னு சொன்னீங்க."

போராங்கைப் புரட்டினார். இனம் என்ற கட்டத்தில் தன் அழகான எழுத்தில் 'கௌரவ ஓநாய்' என்று நிரப்பினார். கீழே தலைவர் ஒப்பம் என்ற கோட்டைக் காட்டினார். "விதிப்படி தலைவர்தான் வைக்க வேணும். நான் கிட்டப் போகமாட்டன். நீர் விரும்பினால் கேட்டுப் பாரும்."

போனேன். பெரியவர் மறுபடி நடுச் சோபாவில் ஏறிப் படுத்திருந்தது, டத்தோவில் மீதியிருந்ததன்மேல் தலை சாய்த்து. வயிறு நிறைந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. நான் மண்டியிட்டேன். அதன் வலது முன்னங்காலை என் கட்டுப்போட்ட இரண்டு கைகளுக்கும் நடுவே எடுத்தேன். கனமாக இருந்தது. சூடாக இருந்தது. நகங்களின் இடுக்கில் ஒரு மெல்லிய வெள்ளிக் கம்பி சிக்கியிருந்தது. மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பி. தாமரையுடையது. வெள்ளி நிறத்தில் வேண்டாம், வயசான மாதிரி இருக்கும் என்று நான் சொல்லியும் அதைத்தான் வாங்கினாள்.

எடுக்கவில்லை. காலைக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினேன். மை தேவைப்படவில்லை.

"மூண்டு பிரதி தம்பி," என்றார் சீவரத்தினம் தூரத்திலிருந்து. "நல்லா அழுத்தும், இல்லாட்டில் அடிப் பிரதியில விழாது."

நல்லா அழுத்தினேன். அது ஒருமுறை கண் திறந்து பார்த்தது. நானும் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இராஜம்மாவோடு போர்ட் கிள்ளான் போனேன். காவலர் போராங்கைப் பார்த்தார், ஒப்பத்தைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த டத்தோவின் படத்தைப் பார்த்தார்.

"தலைவர் மாறிட்டாரா?"

"நேத்து."

தலையாட்டிவிட்டுச் சாவியை எடுக்கப் போனார். இராஜம்மா என் கையிலிருந்து போராங்கை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அழுது அழுது அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. கோட்டின்மேல் அப்பியிருந்த சிவப்பை விரலால் தடவினார்.

"கைநாட்டா மாப்ள?"

"ஆமா, அத்த."

"எழுதப் படிக்கத் தெரியாதவரு போல." தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "படிச்சவனுங்க எல்லாம் ரெண்டு வாரமா அலைய வுட்டானுங்க. இந்த மனுசன் வந்த அன்னிக்கே எம்பொண்ணக் குடுத்துட்டாரே. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்யா."

உள்ளே இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் அவளைத் தூக்கப் போனேன்.